ராஜா எதற்காக அழுகிறார்

பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து கேட்டுவிட்டுப் போன நாளிலிருந்து நாடகக் கம்பெனியில் வசனம் எடுத்துக் கொடுத்த பிராம்ப்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுபத்தொரு வயதில் மனுஷர் சாப்பாட்டு மேசையைக் கூடத்து நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய காலண்டர் தாள்களைக் குப்புறப் புரட்டி ஒன்றோடொன்று ஒட்டி மேசை அகலத்துக்கு ஒரே தாளாக்கிக்கொண்டார். சிவப்புப் பென்சில் ஒரு காதில், நீலப் பென்சில் இன்னொரு காதில். விடிந்தால் அதன் மேல் குனிந்தவர், மனைவி தட்டை எடுத்து வந்து நிற்கிறபோதுதான் நிமிர்வார்.

"நாலு நாளா தரையில உக்காந்து சாப்பிடறோம். அந்த மேசை எப்பங்க கெடைக்கும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்க. அதுவரைக்கும் அது மேசை இல்ல. நாடகப் பட்டறை."

"எம் முழங்காலுக்கு அது தெரியலையே. மேசைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். ஒரே ஒரு நாள். பாடப் புத்தகத்தில் அந்தப் பழைய ராஜா நாடகம் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். "நாடகம்னா என்னன்னு ஒரு நாள் வந்து காட்டுங்க ஐயா. நீங்கதான் அந்த நாடகத்துலயே வாழ்ந்தவராச்சே" என்று டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். கையோடு பாடப் புத்தகத்தையும் நீட்டினார். பிராம்ப்டர் அதை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார்.

"அத நீங்களே வெச்சுக்கங்க டீச்சர். இந்த நாடகத்துல எனக்குத் தெரியாத வரி ஒண்ணு இருந்தா, காட்டுங்க. நான் மீசைய எடுத்துடறேன்."

ஒரே ஒரு சிக்கல். வியாழக்கிழமை தலைமை ஆசிரியையிடம் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அம்மாளுக்குக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவரைக் கூப்பிட ஆசை. அவருக்குப் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம். சுவரில் படம் காட்டும் கருவியும் சொந்தமாக உண்டு. பிராம்ப்டருக்கு ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை.

இது மனைவியின் அண்ணனுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். போனிலேயே ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, பதினொண்ணாங் கிளாசுக்குப் பாடம் எடுக்க அஞ்சாங் கிளாஸ் போகுதாமே?"

"ஆமா மச்சான். அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் நான் ராஜாவுக்கே சொல்லிக் குடுத்தேன். நீங்க ஆபீஸ்ல யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாக நின்றது. வியாழக்கிழமை தோற்றால் பள்ளிக்கூடம் இரண்டாம் தடவை அவரை வெளியே அனுப்பிய மாதிரி. வேறு எதையும் தாங்குவார்; அதைத் தாங்க மாட்டார்.

ராஜாவுக்குச் சொல்லிக் கொடுத்தது சும்மா சவடால் இல்லை. பதினோரு வயதில் நாடகக் கம்பெனியில் மேடை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கூட்டினார், ஆணி பொறுக்கினார், திரை இழுத்தார். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வருஷங்களில் எல்லாப் பாத்திரத்தின் வசனமும் காது வழியாகவே உள்ளே போய்விட்டது. ஒரு நாள் பழைய பிராம்ப்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு மெல்ல எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. மேடையில் மந்திரி முழித்தார். கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம்ம ஆள் இரண்டே சொல்லை எடுத்துப் போட்டார். மந்திரி பிழைத்தார். மறுநாளே புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கம்பெனி வைத்த பெயர் 'கிசுகிசு'. எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் நடிகனின் உதட்டைப் பார்ப்பார்கள். அவர் தொண்டையைப் பார்ப்பார். வசனம் தொலைந்தால் முதலில் தெரிவது தொண்டைக்குத்தான். ஒரு முடிச்சு ஏறி இறங்கும். அது இறங்குவதற்குள் சொல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு சொல் போதும். மூன்றாவது சொல்லைக் கொடுத்தால் நடிகனுக்கு அவமானம். முப்பத்தெட்டு வருஷம், அந்த ஒரு நாடகம் மட்டும் அறுநூறு ஆட்டத்துக்கு மேல். ஒரு தடவைகூட மூன்றாவது சொல்லை அவர் கொடுத்ததில்லை.

பட்டறைத் திட்டமும் அதை வைத்துத்தான். பிள்ளைகள் கையில் புத்தகம் கிடையாது. இரண்டிரண்டு பேராகப் பிரிப்பது. ஒருவன் மேடையில், ஒருத்தி பக்கவாட்டில். அவள் இரண்டு சொல் கிசுகிசுப்பாள். அவன் வாக்கியத்தை முடிக்க வேண்டும். பிறகு இடம் மாற்றம். தரையில் சாக்பீஸால் கோட்டைவாசல். வாசலுக்கு வெளியே ராஜாவின் அக்கா, உள்ளே ராஜா. பங்கு கேட்டு வந்திருக்கிறாள் என்று எவனோ சொன்னதை நம்பி, கூடப் பிறந்த அக்காவை உள்ளே விடாமல் ராஜா கதவைச் சாத்துகிறார். அவள் திரும்பிப் போய்விடுகிறாள். கடைசியில் அந்த மூடிய கதவுக்கு முன்னால் ராஜா கதறுகிற கதறல்! அதில்தான் திரை விழும், கைதட்டல் எழும். அதை நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கதறினால் பள்ளிக்கூடத்து ஓடு நிற்குமா என்று நினைக்கவே அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியையின் அறையில் மேசை மேல் தாளை விரித்தார். தாளைவிட மேசை சின்னது. மூலைகளைப் பிடிக்க டீச்சர் ஒருபக்கம், அலுவலக உதவியாளர் ஒருபக்கம். பிராம்ப்டர் விளக்க ஆரம்பித்தவர் ஐந்தாவது நிமிஷம் நடித்தே காட்ட ஆரம்பித்துவிட்டார். ராஜாவாக நின்றார், மந்திரியாகக் குனிந்தார். தட்டச்சுச் சத்தம் நின்றது. ஜன்னலில் மூன்று தலை தெரிந்தது.

"மேடம், ஒரு பந்தயம். எதாவது ஒரு வரி சொல்லுங்க. அதுக்கு அடுத்த வரி நான் சொல்றேன்."

"எனக்கு நாடகம் மனப்பாடம் இல்லீங்களே" என்றார் தலைமை ஆசிரியை. ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. விரிவுரையாளர் பாதி வெளியே போய்விட்டார் என்று பிராம்ப்டருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் டீச்சர் தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். "ஐயா, எல்லாம் பிரமாதம். காவல்காரன் காட்சி எந்த மணிக்கு வருது? எனக்குக் கண்ணுல படல."

"எந்தக் காவல்காரன்?"

"வாசல் காவல்காரன். நாலாம் அங்கம், ரெண்டாம் காட்சி. வருஷா வருஷம் பத்து மார்க் கேள்வி அதுலதான் வரும்."

"இந்த நாடகத்துல காவல்காரன் கதவத் தொறப்பான், சாத்துவான். வாயத் தொறக்க மாட்டான்."

"இல்லீங்க ஐயா, எட்டுப் பக்கம் பேசுறான்."

டீச்சர் பாடப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். பிராம்ப்டர் பார்த்தார். அச்சடித்த எழுத்து. அவருக்குத் தெரிந்த வரிக்கும் தெரிந்த வரிக்கும் நடுவே, அறுநூறு தடவையும் கேட்டிராத பேச்சு. அவர் தொண்டையில் ஒரு முடிச்சு ஏறி இறங்கியது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம். அந்த வழக்கம் அவருக்குக் கிடையாது.

"இது இடைச்செருகல். பாடப் புத்தகக்காரங்க எவனோ எழுதிச் சேத்துட்டான்!"

ஜன்னலில் இருந்த தலைகளில் ஒன்று 'க்ளுக்' என்றது. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, நாளைக்குப் பத்து மணிக்கு இந்தக் காட்சியையும் சேத்துத் திட்டத்தக் கொண்டு வாங்க. முடியலன்னா தப்பா நெனைக்காதீங்க, அந்த விரிவுரையாளர் சனிக்கிழமை காலியாத்தான் இருக்காராம்."

தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினார். அநியாயம், அக்கிரமம், நாடகத்தில் கை வைத்துவிட்டார்கள், காவல்காரனுக்கு எட்டுப் பக்கமாம்.

மனைவி தையல் மிஷினை நிறுத்தினார். அவரும் அதே கம்பெனிதான். உடுப்புத் தைக்க வந்தவர். ராஜாவுக்கு அங்கி தைத்த கை.

"காவல்காரன் சீன் தானே? மூட்டையில என்ன இருந்துச்சுன்னு சொல்லுவானே, அது?"

பிராம்ப்டர் அப்படியே நின்றுவிட்டார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே தச்சேன்."

உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, காக்கித் துணி அட்டை போட்ட கம்பெனிப் புத்தகத்தை எடுத்து வந்தார் அந்த அம்மாள். கம்பெனி மூடியபோது பிராம்ப்டர் தன் பங்குக்குக் கேட்டு வாங்கிய ஒரே சொத்து. நாலாம் அங்கத்தில் பிரித்தார். ஐந்து தாள் ஒன்றாகச் சேர்த்து, சுற்றிலும் கறுப்பு நூலால் தைத்திருந்தது.

கம்பெனியில் அதுதான் வழக்கம். வேண்டாத காட்சியைக் கிழிக்க மாட்டார்கள். நாளைக்கு வேறொருவருக்கு வேண்டியிருக்கலாம். தைத்து மூடிவிடுவார்கள். தைத்ததைப் பிரிக்கிற உரிமை முதலாளி ஒருவருக்குத்தான். நாடகம் முதல் தடவை மேடையேறுவதற்கு முன்பே, புத்தகம் பிராம்ப்டர் கைக்கு வருவதற்கும் முன்பே போட்ட தையல் அது. அவருடைய கட்டைவிரல் அந்தக் கனத்த தாளை அறுநூறு தடவை ஒரே தாளாகப் புரட்டியிருக்கிறது. வசனமெல்லாம் ஏற்கெனவே காதில் இருந்ததால் உள்ளே என்ன என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

"முதலாளி தைக்கச் சொன்னாரா?"

"வேற யாரு? அவர்தானே ராஜா வேஷம். அந்த சீன் முழுக்கக் காவல்காரன் பேசுவான். ராஜாவுக்கு மொத்தம் மூணே வரி. 'நான் மரம் மாதிரி நிக்க, அவன் கைதட்டல் வாங்கணுமா? தையுங்கம்மா'ன்னார். தச்சேன்."

"தைக்கிறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"படிக்காம எப்படித் தைக்கிறது?"

"இத்தன வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீங்கதான் ஒரு வரி விடாம தெரியும்னு வீதியில போறவங்களக்கூட நிறுத்திச் சொல்வீங்களே. இதுவும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். எனக்கென்ன கனவா?"

அந்த அம்மாள் கத்தரிக்கோல் எடுத்து நூலின் ஒரு முனையை நறுக்கினார். மற்றதை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்தார். தாள் கிழியாமல் பிரிந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது காகிதம். வெளிச்சம் படாத காகிதம்.

பிராம்ப்டர் படித்தார். முதலில் நின்றுகொண்டு. பிறகு உட்கார்ந்து. பிறகு மறுபடி எழுந்து.

ராஜா வேஷம் மாற்றிக்கொண்டு தன் கோட்டைவாசலுக்கே வருகிறார். காவல்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. வழிப்போக்கன் என்று நினைத்து மனம் விட்டுப் பேசுகிறான். 'அந்த அம்மா எதையும் கேட்டு வரவில்லை ஐயா. மூட்டையோடு வந்தாள். மூட்டையில் விதை தானியம். தம்பி நாட்டில் மழை பொய்த்துவிட்டதாமே, விதைக்கு என்ன செய்வான் என்று கேட்டாள். கதவு திறக்காது என்றேன். மூட்டையை இந்தக் கல் மேல் வைத்துவிட்டு, நனையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனாள்.' ராஜா கேட்கிறார்: 'மூட்டை எங்கே?' காவல்காரன் சொல்கிறான்: 'அரண்மனைக்குள் கொண்டுபோக எனக்கு உத்தரவில்லை. இங்கேயேதான் இருக்கிறது.'

அதற்கு அடுத்த பக்கம் அவருக்குத் தெரிந்த பக்கம். கதறல்.

"அடியே!" என்று வீடே அதிரக் கூவினார். "அதுக்குத்தான் அழுவுறாராடி!"

"ஆமா. பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க?"

"கைதட்டலுக்குன்னு நெனச்சேன்! சத்தியமா! புதுசா வர்றவன் கேட்டா 'ராஜாவுக்கு மனசு மாறிருச்சுடா, அழு'ன்னு சொல்லிக் குடுப்பேன். முதலாளியும் அப்படித்தான் அழுதாரு. தொண்டை அழுதுச்சு, ஆளு அழல. நான் தொண்டையப் பாத்துக்கிட்டே இருந்தேனே, எனக்குத் தோணலியே!"

கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். நாற்பது வருஷமாகக் குடியிருந்த வீட்டில் திடீரென்று ஓர் அறை அதிகம் இருப்பதைக் கண்டுபிடித்தவன் எப்படி நடப்பானோ அப்படி. மனைவியை உட்கார வைத்துக் காவல்காரனாகப் படிக்கச் சொன்னார். தான் ராஜாவாக நின்று வெறுமனே கேட்டார். மூன்று வரிதான். மூன்றாவது வரிக்கு வாய் திறந்தபோது குரல் வரவில்லை. அந்த அம்மாள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு சொல் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு சாப்பாட்டு மேசை. தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி கோடு. இப்போது ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். நாளைக்குப் போய் என்ன சொல்வது?

"டீச்சர் படிச்சிருக்காங்களான்னு சோதிச்சுப் பாத்தேன்னு சொல்லிட்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"சொல்லுங்க. அவங்க அஞ்சாங் கிளாஸ் டீச்சரா இருந்தா நம்புவாங்க."

பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகினார், எடுத்தார், செருகினார். திடீரென்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு.

"இல்ல. உள்ளதச் சொல்லப் போறேன். சொன்னா எனக்குத்தான் லாபம். இந்தக் காட்சி இல்லாத நாடகத்த அறுநூறு ஆட்டம் ஓட்டினவன் இந்த ஊருல எவன் இருக்கான்? அந்த மூணு பட்டக்காரன் ஓட்டினானா? அவனுக்கு மொதல்லருந்தே இது தெரியும். தெரிஞ்சவனுக்கு இது எட்டுப் பக்கம். எனக்குத்தானே இது வெடிகுண்டு!"

மறுநாள் பத்து மணிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். தலைமை ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் காக்கிப் புத்தகத்தை மேசையில் வைத்து, தையல் துளைகளைக் காட்டினார்.

"மேடம், நேத்து நான் சொன்னது தப்பு. இடைச்செருகல் இல்ல. இத நான் நேத்து மத்தியானந்தான் மொத தடவையாப் படிச்சேன். தச்சவங்க இவங்க."

"நமஸ்காரம்" என்றார் அந்த அம்மாள், ஏதோ விருது வாங்குகிற மாதிரி.

"இப்ப என் திட்டத்தக் கேளுங்க. பிள்ளைங்களுக்கு நாலாம் அங்கம் இன்னும் நடத்தலன்னு டீச்சர் சொன்னாங்க. மூணு அங்கந்தான் ஒப்பிச்சிருக்காங்க. காலையில நான் என் கம்பெனி எப்படி ஆடுச்சோ அப்படியே ஆட வைப்பேன். காவல்காரன் பேச மாட்டான். நேரா கதறல். நாப்பது பேரும் கதறட்டும். எவனாவது ஒருத்தன் கேப்பான், எதுக்கு அழுவுறாருன்னு. கேக்கலன்னா நான் கேப்பேன். மத்தியானம் அந்த எட்டுப் பக்கத்தக் குடுப்பேன். சாயங்காலம் மறுபடி கதறல். ரெண்டு கதறலுக்கும் வித்தியாசம் இருக்கும் பாருங்க, அதுதான் மேடம் பாடம்."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஐயா, எட்டுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, தச்சே குடுத்தா? அவங்களே பிரிக்கட்டுமே!"

"நாப்பது செட்டா?" என்றார் பிராம்ப்டரின் மனைவி. "தையல் மிஷின் இருக்கா உங்க பள்ளிக்கூடத்துல?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓடும்."

"ஒண்ணு போதும்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "நாப்பது பிள்ளைங்க கையில கத்தரிக்கோலா? நான் ஒத்துக்க மாட்டேன். கைவேலை அறையில முனை மழுங்கினது பத்து இருக்கு. நாலு பேருக்கு ஒண்ணு. அதுவும் டீச்சர் கண் முன்னால."

அப்படியென்றால் சரி என்றுதானே அர்த்தம்? பிராம்ப்டருக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. புரிந்ததும் கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவரே மேசையில் எடுத்து வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலைக் கதறல் தெருமுனை வரை கேட்டது. பிள்ளைகள் அழகாகக் கத்தினார்கள். சிலர் கத்திக்கொண்டே சிரித்தார்கள். முதல் வரிசையில் ராஜாவாக நின்ற பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், கதவச் சாத்தச் சொன்னதே இவருதான். இப்ப எதுக்கு சார் இவரே அழுவுறாரு?"

"தெரியலயா? எனக்கும் முப்பத்தெட்டு வருஷமாத் தெரியலம்மா!" என்றார் பிராம்ப்டர், மார்பை நிமிர்த்தி, பட்டம் வாங்கியவர் மாதிரி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மத்தியானம் தைத்த தாள்கள் கைக்குக் கை போயின. பத்துக் கத்தரிக்கோல் போதவில்லை. பல்லால் கடித்து இழுத்தவர்களும் உண்டு. பிறகு நாற்பது பிள்ளைகளும் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பிராம்ப்டர் அவர்களுடைய தொண்டைகளைப் பார்த்தபடி நடந்தார். மூன்றாம் வரிசையில் ஒருவனுக்கு முடிச்சு ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கத்தரிக்கோல் வந்து சேரவில்லை. கொண்டை ஊசியை உருவி, ஒவ்வொரு தையலாக அவசர அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்.